கைத்துவக்குக்கு ஒரு பொக்கற்

கொட்டடிக் கடையில் அன்றைக்கு மின்சாரம் இல்லை.
காலால் மிதித்துப் பள்ளிக்கூடக் காற்சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தேன்.
சுகிர்தன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.
கன்னாதிட்டி நகைக்கடையில் கணக்கெழுதுபவன்,
பொழுதுபட, முதலாளியின் காசுப்பையோடு
தனியே சைக்கிளில் போகிறவன்.
லேஞ்சியை விரித்தான்.
சவர்க்காரக் கட்டியளவில் ஒரு பிஸ்ரல்.

"இதுக்கு அளவாய் ஒரு பொக்கற் வேணும் அண்ணை.
வெளியில தெரியக்கூடாது."

அளவுநாடாவை எடுத்தேன்.
நீளம் நாலே முக்கால், உயரம் மூன்றரை.
பிடித்துப் பார்த்தால் இரண்டு விரலுக்குத்தான் இடம்,
சின்னிவிரல் அந்தரத்தில் தொங்கியது.
வில்லுச்சுருள் மட்டும் அந்தச் சின்ன உடம்புக்குள்
பிடிவாதமாய் இருந்தது.

"வேலை செய்யுமோ?"
"வித்தவன் செய்யும் எண்டவன்."

விற்றவன் சொல்லை நம்பி நான் ஒரு ஊசிகூட வாங்கியதில்லை.
நூறு யார் துணி ஓடவேணும்,
நூல் அறாமல், தையல் தாண்டாமல்,
அதற்குப் பிறகுதான் ஒரு மெஷினைப் பற்றிக் கதைக்கலாம்.

"அப்ப நூறு தரம் சுட்டுப் பார்."
"இருக்கிறதே ஏழு ரவை."

இருவரும் கொஞ்சநேரம் பேசவில்லை.
ஏழையும் சுட்டால் துவக்கைப் பற்றித் தெரியவரும்,
தெரிந்து என்ன, வெறும் இரும்பு.
கணக்கப்பிள்ளை அல்லவா, பங்கு பிரித்தான்:
"நாலைச் சோதிப்பம். மூண்டை வைப்பம்."

ஞாயிறு விடிய நாவாந்துறைக்கு அப்பால்,
கோயில் மணி அடிக்கிற நேரம் பார்த்து,
ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், ஐந்து பாகத் தூரம்.
முதலாவது தகரத்தில்.
இரண்டாவது சேற்றில்.
மூன்றாவது,
டிக்.
அவ்வளவுதான். என் மெஷினில் ஊசி முறிகிற சத்தம்.
பிந்தி வெடித்தாலும் வெடிக்குமென்று
கடலைப் பார்த்து நீட்டியபடியே நின்றான்.
நான் முப்பது வரை எண்ணினேன்.
நாலாவது வெடித்தது, ஆனால் வெற்றுக்கோது
தொண்டையில் மீன்முள் மாதிரிக் குறுக்கே நின்றது.
அதை இழுத்தெடுக்க அவனுடைய நகம் பிய்ந்தது.
வெடிக்காததை நானே வாங்கிக் கடலுக்குள் எறிந்தேன்.

"நாலுக்கு ரெண்டு," என்றேன்.
"இந்தக் கணக்கோடை ஒரு மெஷினை
நான் வாடகைக்கும் எடுக்கமாட்டன்."
"சும்மா காட்டத்தானே அண்ணை."
காட்டினால் மற்றவன் பயப்படவேண்டும்.
அதை எந்தத் தகரத்தில் சோதிப்பது?
கேட்கவில்லை.
கூலி பேசியாயிற்று.

பருத்தி வேண்டாமென்று முடிவெடுத்தேன், தும்பு விடும்.
பொபின் பெட்டிக்குள் தும்பு செய்கிற வேலை
எனக்குத் தெரியும்.
பழைய குடையொன்றைப் பிரித்து
அந்தக் கறுப்புத் துணியில் தைத்தேன்.
வழுக்கும், வியர்வை ஊறாது,
கைபோட்டால் எதிலும் கொளுவாமல் வரும்.
இரட்டைத் தையல். மூலைகளில் மூன்று தரம்.
சாவி, சில்லறை, ஒன்றும் கூட வைக்காதே என்றேன்.
தலையாட்டினான்.

மாரி போய் அடுத்த மாரிக்குக் கொஞ்சம் முன்,
அவனுடைய தம்பி அந்தக் காற்சட்டையோடு வந்தான்.
"இடுப்பைச் சின்னதாக்கவேணும். எனக்கு."
"அண்ணா?"
"அவர் இனிப் போடமாட்டார்."
பொடியன் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
நானும் அளவெடுப்பதில் கவனமாயிருந்தேன்.

அவன் போனபின் பொக்கற்றைப் புறம் புரட்டினேன்.
துணியில் பிஸ்ரலின் உருவம் தேய்ந்து பதிந்திருந்தது.
மூலையில் ஒரு ரவை.
பின்பக்கத்தில், நடுவில்,
ஊசி குத்திய ஒரு சின்னப் பள்ளம்.

கடலுக்குள் போனதில்லை இது. மிஞ்சிய மூன்றில் ஒன்று.
யாருக்கு நீட்டினான், எத்தனை அடித் தூரத்தில்,
டிக் என்றதும் முதலில் யார் அசைந்தது,
அந்த மற்றவன் இப்போது எந்தக் கடையில்
தேத்தண்ணி குடிக்கிறான்?
மற்ற இரண்டும் என்ன ஆயின?

தும்பு ஒரு துணுக்குக்கூட இல்லை பொக்கற்றில்.
இரட்டைத் தையல் எங்கும் விடவில்லை.
பிரித்தெடுக்கத்தான் அரைமணித்தியாலம் பிடித்தது.